கண் படாமல் கிடைத்த சீட்

எங்கள் வீட்டில் நல்ல செய்தியை நேராகச் சொல்கிற வழக்கம் கிடையாது. அது நடந்து முடிந்து, ஆறிப் பழசான பிறகுதான் வாசலைத் தாண்டும். அதுவரைக்கும் அத்தை, அதாவது என் மாமியார், அதற்கு நேர்மாறான ஒரு கெட்ட செய்தியைத் தயாரித்து அக்கம்பக்கத்துக்கு விநியோகம் செய்வார். என் கணவருக்கு ஃபேக்டரியில் வேலை உறுதியானபோது, ஆர்டர் கையில் வரும்வரை "அவனுக்கு ஹைட்டு பத்தலையாம்" என்று எல்லாரிடமும் வருத்தப்பட்டாராம். அது உயரம் பார்க்கிற வேலையே இல்லை. நான் உண்டானபோது ஐந்தாம் மாதம் வரை எனக்கு அல்சர். வயிறு வெளியே தெரிந்த பிறகு எதிர் பிளாக்கில் ஒரு பெண் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அல்சர் நல்லா வளந்திருக்கே" என்றாள்.

காரணம் திருஷ்டி. ஆவடி பக்கம் ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் இருக்கிறோம். ஒரு வீட்டில் தாளித்தால் நாலு வீட்டில் தும்முவார்கள். ஒரு கொடியில் புதுப் புடவை காய்ந்தால் அதன் விலை இரவுச் சாப்பாட்டுக்குள் பிளாக் முழுக்கத் தெரிந்துவிடும். "இத்தனை கண்ணுக்கு நடுவுல உக்காந்துக்கிட்டு வாயைத் திறக்கலாமா?" என்பது அத்தையின் வாதம். நான் படித்தவள், இதையெல்லாம் நம்பக்கூடாது. ஆனால் நம்பாமல் இருந்து ஏதாவது ஆகிவிட்டால்? அதனால் நம்பாமலேயே கடைப்பிடித்து வந்தேன்.

இந்த இடத்தில் என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். நான் பயப்படுகிற பெண். கேஸ் சிலிண்டரை மூடிவிட்டு, மூடினேனா என்று பார்த்துவிட்டு, பார்த்தேனா என்று யோசிப்பவள். மகள் தூங்கும்போது மூக்கின் கீழே விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்ப்பேன். அவள் விழித்துக்கொண்டு அழுவாள். அழுகை கேட்டதும் நிம்மதியாக இருக்கும்.

பிளஸ் டூவில் நல்ல மார்க் எடுத்தேன். பிறகு கல்யாணம். பிறகு மகள். அவள் மூன்று வயதை நெருங்கியும் பேசவில்லை. டாக்டர், "பேசுவா, பொறுங்க" என்றார். பொறுப்பது எனக்கு வராத பாடம். அந்தச் சமயத்தில்தான் அம்பத்தூரில் ஒரு சமுதாயக் கல்லூரியில் குழந்தை வளர்ச்சியும் மன ஆலோசனையும் என்று டிப்ளமோ இருப்பதாக நோட்டீஸ் பார்த்தேன். டாக்டர் சொல்லாததை அங்கே சொல்லிக்கொடுப்பார்கள் என்று சேர்ந்தேன். சேர்ந்த கொஞ்ச நாளிலேயே மகள் பேசிவிட்டாள். அவளுடைய முதல் முழு வாக்கியம், "சிலிண்டர் மூடு."

சேர்ந்த காரணம் தீர்ந்துவிட்டது. ஆனால் படிப்பு பிடித்துவிட்டது. கல்லூரி ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில் இருந்தது. முகூர்த்த நாட்களில் கீழே மேளம் அடிக்கும்போது, மேலே எங்கள் மிஸ் தாய்க்கும் சேய்க்கும் உள்ள பிணைப்பைப் பற்றிக் கத்திக்கொண்டிருப்பார். கெட்டி மேளம் ஆரம்பித்தால் பாடத்தை நிறுத்திவிட்டு எல்லாரும் ஜன்னல் வழியாகக் கீழே அட்சதை போடுகிற மாதிரி பார்ப்போம். மன அழுத்தம் என்ற பாடம் நடத்தும்போது கீழே மாப்பிள்ளை வீட்டார் சாம்பாரில் உப்பில்லை என்று சண்டை போட்டார்கள். மிஸ், "உதாரணத்துக்கு வெளியே போக வேண்டாம்" என்றார். வகுப்பில் அங்கன்வாடி உதவியாளர், தையற்காரப் பெண், பேரன் எடுத்த ஓர் அம்மா, எல்லாரும் இருந்தார்கள். பாதிப் பேருக்கு வடை பாயசத்தோடுதான் வகுப்பு முடியும். மண்டப மேனேஜர் நல்லவர்.

டிப்ளமோ முடியப்போகும்போது மிஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். சென்னைக்குள் ஒரு பல்கலைக்கழகத்தில் பி.எஸ்ஸி. சைக்காலஜி இருக்கிறது, எங்கள் டிப்ளமோ படித்தவர்கள் விண்ணப்பிக்கலாம், நேராக இரண்டாம் ஆண்டில் சேர்த்துக்கொள்ள விதி இருக்கிறது என்றார். "ஆனா எல்லாருக்கும் குடுக்க மாட்டாங்க. நேர்முகத்துல உங்களைப் பாத்துட்டு, திருப்தி இல்லன்னா முதல் வருஷத்துலருந்து வாங்கன்னுடுவாங்க."

அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது கணவரிடம் சொன்னேன். ஃபேக்டரிக்காரருக்கு இது உடனே புரிந்தது.

"லேட்டரல் என்ட்ரியா? டிப்ளமோ மெக்கானிக்கல் பசங்க நேரா செகண்ட் இயர் போவாங்களே, அதுவா?"

"அதேதான்."

"மெஷினுக்குத்தான் அது இருக்குன்னு நெனச்சேன். மனசுக்குமா?" என்றார். கொஞ்ச நேரம் சோற்றைப் பிசைந்தார். "ரெண்டு வருஷம்னா சமாளிச்சுடலாம். மூணு வருஷம்னா வேணாம்மா. பாப்பா ஒண்ணாங் கிளாஸ் போயிடும், எனக்கு ஷிஃப்ட் மாறும், அம்மாவுக்கு முட்டி. சொன்னா கேளு."

அவர் சொன்னதில் அநியாயம் ஒன்றும் இல்லை. அதுதான் கஷ்டம். அநியாயமாக இருந்தால் சண்டை போட்டிருப்பேன். ஆக, இரண்டாம் ஆண்டு கிடைத்தால் படிப்பு, முதல் ஆண்டு என்று சொல்லிவிட்டால் அடுப்பு. நடுவில் எதுவும் இல்லை.

அத்தை மட்டும் உற்சாகமாகிவிட்டார். மருமகள் யூனிவர்சிட்டிக்குப் போவது பெரிய விஷயம். பெரிய விஷயம் என்றால் பெரிய பொய் வேண்டும்.

"யாராவது எங்க போறன்னு கேட்டா டாக்டரைப் பாக்கப் போறேன்னு சொல்லு. மத்ததை நான் பாத்துக்கறேன்."

"என்ன டாக்டர் அத்தை?"

"அதெல்லாம் நீ யோசிக்காத."

யோசிக்காமல் இருக்க எனக்குத் தெரியுமா? ஆனாலும் விட்டுவிட்டேன். விண்ணப்பம் கொடுக்க, சான்றிதழ் சரிபார்க்க, இன்னும் ஏதோ ஒரு கையெழுத்துக்கு என்று அடிக்கடி சென்னைக்குப் போக வேண்டியிருந்தது. அண்ணனூர் ஸ்டேஷனில் நிற்கும்போது கையில் மிஸ் கொடுத்த தடிப் புத்தகம் இருக்கும். அட்டையில் ஒரு தலை, தலைக்குள் சிக்கலாக நூல்கண்டு, மேலே 'மனநோய்கள்' என்று கொட்டை எழுத்து. எங்கள் குவார்ட்டர்ஸ் பெண்கள் அதே பிளாட்ஃபாரத்தில்தான் நிற்பார்கள். டாக்டரைப் பார்க்கப் போகிறாள் என்று மாமியார் சொல்கிறார், கையில் மனநோய்கள். இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போட யாருக்கும் டிப்ளமோ தேவைப்படவில்லை.

போதாததற்கு என் பயிற்சிப் பாடம். குழந்தைகள் விளையாடும்போது ஓரமாக உட்கார்ந்து, குறுக்கே போகாமல், அவர்கள் செய்வதை அப்படியே எழுத வேண்டும். நல்லது கெட்டது என்று நம் கருத்தைச் சேர்க்கக்கூடாது. டிப்ளமோவுக்கு அது கட்டாயம். எங்கள் பிளாக்குக்கு முன்னால் இருக்கும் சறுக்குமரப் பார்க்கில் மாலை மாலை உட்கார்ந்து எழுதினேன். பார்த்தவர்களுக்கு நான் எப்படித் தெரிந்திருப்பேன் என்று இப்போது புரிகிறது. ஒரு பெண் தனியாக உட்கார்ந்து, இமைக்காமல் பிள்ளைகளைப் பார்த்து, உதடு அசைய எதையோ எழுதுகிறாள். பிள்ளைகள் மண்டையைப் பிடித்து அடித்துக்கொண்டாலும் எழுந்து விலக்கிவிட மாட்டாள்.

மாற்றம் மெல்லத்தான் தெரிந்தது. மேல்மாடிப் பெண் என்னிடம் மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாக, காது கேளாதவர்களிடம் பேசுவதுபோலப் பேச ஆரம்பித்தாள். "சாப்... பிட்... டியா?" எதிர் பிளாக்கில் தேங்காய் உடைக்க அரிவாள் கேட்டால், "நானே உடச்சித் தர்றேன்" என்றார்கள். என் மகளை ஒருத்தி மிட்டாய் கொடுத்து மடியில் உட்கார வைத்து, "அம்மா உன்னை அடிக்கறாளா?" என்று கேட்டிருக்கிறாள். மகள், "சிலிண்டர் மூடும்" என்றாளாம். ஃபேக்டரி கேன்டீனில் கணவரின் தோளில் யாரோ கை போட்டு, "மாமே, தைரியமா இரு. என் சித்திக்கும் இருந்துச்சி. இப்ப தானா சோறு ஆக்குது" என்றானாம். அவர் எனக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று பயந்து வேலை நடுவில் போன் செய்தார்.

அத்தையிடம் போய் நின்றேன். "அத்தை, எனக்குப் பைத்தியம்னு சொல்றாங்க."

"சொல்லட்டும்," என்றார் கீரை ஆய்ந்துகொண்டே. "பைத்தியத்து மேல யார் கண்ணு வைப்பாங்க?"

இதில் ஒரு உண்மை இருந்தது. கூடவே ஒரு சந்தேகமும் வந்தது. எல்லாரும் சொல்கிறார்களே, ஒருவேளை நிஜமாகவே இருக்குமோ? புத்தகத்தை எடுத்துப் பதற்றக் கோளாறு அத்தியாயத்தின் அறிகுறிகளை என்னோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். பெரும்பாலானவை பொருந்தின. மிஸ்ஸிடம் கேட்டேன். "சைக்காலஜி படிக்கிற எல்லாருக்கும் முதல்ல எல்லா வியாதியும் இருக்கும். படிப்பு முடியறப்போ மத்தவங்களுக்குப் போயிடும்" என்றார்.

எல்லாரிலும் என்னை மிகவும் தாங்கியது கீழ்வீட்டு அக்கா. அவள் பிறந்த ஊர் திருவேற்காடு. புருஷன் வடக்கே வேறொரு ஃபேக்டரிக்கு மாற்றலாகிப் போய், வருஷத்துக்கு ஓரிரு முறைதான் வருவார். ஏழு வயதில் ஒரு மகள். எனக்கு மனசு சரியில்லை என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து அக்கா வாரத்துக்கு இரண்டு தடவை பூண்டுக் கஞ்சி வைத்துக் கொண்டுவருவாள். வாசலிலேயே நின்று நான் குடித்து முடிப்பதைப் பார்ப்பாள். "உள்ள எறங்கிச்சா? மனசு கொஞ்சம் லேசா கீதா?" என்பாள். லேசாகத்தான் இருக்கும். பொய்தானே என்ற குற்ற உணர்வையும் மீறி அந்தக் கஞ்சி ருசியாக இருக்கும்.

நேர்முகத்துக்கு நாள் குறித்து வந்தது. கிளம்பிக்கொண்டிருந்தேன். நல்ல காட்டன் புடவை, தலையில் பூ வேண்டாம் என்று எடுத்து, வெறுந்தலையாகத் தெரிகிறதே என்று திரும்ப வைத்து, மறுபடி எடுத்திருந்தேன். வாசலில் அக்கா. அவளும் புடவை மாற்றியிருந்தாள். கையில் பை.

"வாமே போலாம். இன்னிக்கு நான் துணைக்கு வரேன்."

"எதுக்குக்கா? நானே போயிடுவேன்."

"டாக்டர்கிட்ட தனியா அனுப்புவாங்களா யாராச்சும்? உன் ஊட்டுக்காரனுக்கு டூட்டி, உன் அத்தைக்கு முட்டி. நான் எதுக்குக் கீறேன்?"

நான் அத்தையைப் பார்த்தேன். அத்தை என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று சொன்னால் ஏன் என்று கேட்பாள். ஏன் என்று சொன்னால் சீட் கிடைப்பதற்கு முன்னாலேயே செய்தி போய்விடும். அத்தை தன் வாழ்நாள் கொள்கைக்கும் என் மானத்துக்கும் நடுவில் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு, "கூட்டிட்டுப் போம்மா, நீ போனா எனக்கு நிம்மதி" என்றார். கொள்கை ஜெயித்தது.

ரயிலில் கூட்டம். அக்கா என்னைத் தோளோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு முன்னேறினாள். "கொஞ்சம் தள்ளிக் குந்துமா. பொண்ணுக்கு ஒடம்பு சரியில்ல." உடனே இடம் கிடைத்தது. நேர்முகக் கேள்விகளுக்குப் பதில் சொல்லிப் பார்க்கலாம் என்று நான் உதட்டை அசைத்ததும் பக்கத்தில் இருந்தவர்கள் இன்னும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்கள். அக்கா பையிலிருந்து ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்து என் கையில் திணித்தாள். திருவேற்காட்டு அம்மன் காலடியில் வைத்து எடுத்ததாம். "டாக்டர் ஊசி போட வந்தா இத்த கெட்டியாப் புடிச்சிக்கோ."

சொல்லிவிடலாம் என்று பெரம்பூர் வரை யோசித்தேன். சொன்னால் கோபப்படுவாள். கோபப்பட்டால் எனக்குப் படபடக்கும். படபடத்தால் பதில் மறக்கும். நேர்முகம் முடிந்து திரும்பும்போது சொல்லலாம் என்று முடிவு செய்தேன். வீட்டில் சிலிண்டர் மூடினேனா என்ற யோசனை வந்ததும் இந்த யோசனை போய்விட்டது.

பல்கலைக்கழகத்தில் அந்தத் துறை தனிக் கட்டடம். 'உளவியல் துறை' என்ற பலகையை அக்கா எழுத்துக்கூட்டிப் படித்துத் தலையை ஆட்டிக்கொண்டாள். வராந்தாவில் பெஞ்சுகளில் வரிசையாக விண்ணப்பித்தவர்கள். எல்லாரும் சின்னப் பிள்ளைகள். ஒருத்தி கண்ணை மூடித் தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்தாள். ஒருத்தன் காலை ஓயாமல் ஆட்டிக்கொண்டிருந்தான். இன்னொருத்தி சுவரைப் பார்த்துச் சிரித்துப் பழகினாள்.

"ஐயோ பாவம்," என்றாள் அக்கா என் காதில். "இம்மாம் சின்ன வயசுல." காலாட்டுகிற பையனிடம் குனிந்து, "இன்னா நைனா, எவ்ளோ நாளா கீது உனக்கு?" என்றாள்.

அவன் மரியாதையாக எழுந்து நின்றான். "பிளஸ் டூலருந்தே இன்ட்ரஸ்ட் ஆன்ட்டி."

அக்கா உச்சுக்கொட்டினாள். அவனுக்கும் ஓர் எலுமிச்சம்பழம் இருக்கிறதா என்று பையைத் துழாவினாள்.

என்னைக் கூப்பிட்டார்கள். மூன்று பேர். நடுவில் கண்ணாடி போட்ட அம்மா, துறைத் தலைவர். ஒரு பக்கம் ஒரு சார், தாள்களைப் புரட்டிக்கொண்டே இருந்தார். இன்னொரு பக்கம் ஓர் இளம் ஆசிரியை. ஏன் சைக்காலஜி என்று கேட்டார்கள். இதற்கான பதிலை எழுதி, திருத்தி, மனப்பாடம் செய்திருந்தேன். "மனித மனம் என்பது ஆழமான ஒரு கடல்" என்று ஆரம்பித்தேன். கடலுக்குப் பிறகு என்ன என்பது மறந்துவிட்டது. கடலிலேயே நின்றேன். துறைத் தலைவர் தண்ணீர் டம்ளரை என் பக்கம் நகர்த்தினார்.

சார் தாள்களை மூடினார். "சமுதாயக் கல்லூரி டிப்ளமோ சரி. ஆனா செய்முறை அனுபவம் எந்த அளவுக்குன்னு இதுல தெரியல. நீங்க முதல் ஆண்டுல சேந்துக்கலாம். அதுல எந்தப் பிரச்சினையும் இல்ல."

அதுதான் பிரச்சினை. எனக்கு மூன்று வருஷம் கிடையாது என்று சொல்ல வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. கையில் இருந்த எலுமிச்சம்பழத்தை அழுத்தினேன். அந்தச் சமயத்தில் கதவு திறந்தது. வாசலில் இருந்த உதவியாளர் டீ வாங்கப் போயிருக்க வேண்டும். அக்கா உள்ளே வந்து எனக்குப் பின்னால் நின்று என் தோளில் கை வைத்தாள்.

"மன்னிச்சிக்கங்க டாக்டரம்மா. இது வாயத் தொறந்து சொல்லாது. நான் சொல்றேன், எழுதிக்கங்க."

"நீங்க யாரும்மா?" என்றார் சார்.

"கீழ் ஊடு. கூடவே பாத்துகினு கீறேன். கேஸ மூடிட்டுப் படியெறங்கும், திரும்ப ஏறும், திரும்ப எறங்கும். எனுக்குக் காலு வலிக்கும் அதப் பாத்து. சாயங்காலம் ஆனா பார்க்குல குந்திகினு புள்ளிங்களையே பாக்கும். இன்னாமோ எழுதும். புள்ளிங்கோ அடிச்சிக்கும், வெலக்கி உடாது. சும்மா பாக்கும். என் பொண்ணு அழுதுகினு ஓடியாந்தா, இது கூப்ட்டு உக்கார வச்சி, உனுக்குக் கோவம் எங்க கீது, தலைலயா வயித்துலயான்னு கேக்குது. இப்ப எம்பொண்ணு தெனம் வந்து, எம்மா, எனுக்குக் கோவம் வயித்துல கீது, சோறு போடுன்றா. மத்தபடி தங்கமான பொண்ணு டாக்டரம்மா. பெரிய ஊசியா போட்டுடாதீங்க."

இளம் ஆசிரியை மேஜைக்குக் கீழே ஏதோ விழுந்த மாதிரி குனிந்தார், வெகுநேரம் நிமிரவில்லை. எனக்குத் தரை பிளந்தால் தேவலை என்றிருந்தது. முதல் ஆண்டும் போயிற்று என்றே நினைத்தேன்.

துறைத் தலைவர் மட்டும் சிரிக்கவில்லை. அக்காவை உட்காரச் சொன்னார், என் தோளில் வைத்த கையை எடுக்காமலே அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு என்னிடம், "ஏன் வெலக்கி விடல?" என்றார்.

அதற்கு நான் பதில் தயாரித்திருக்கவில்லை. தயாரிக்காததால் மறக்கவும் முடியவில்லை. குறுக்கே போகக்கூடாது என்பது பயிற்சி விதி, ரத்தம் வருகிற மாதிரி இருந்தால் போயிருப்பேன் என்றேன். அங்கே ஒரு பெண் குழந்தை மற்றவர்களை அடிப்பாள். காரணமில்லாமல் அடிக்கிறாள் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். எழுதியதைத் திருப்பிப் பார்த்தபோது, ஃபேக்டரியில் ஷிஃப்ட் முடிகிற சங்கு ஊதிய பிறகுதான் அவள் பெரும்பாலும் அடித்திருக்கிறாள். சங்கு ஊதினால் மற்றப் பிள்ளைகளின் அப்பாக்கள் சைக்கிளிலும் பைக்கிலும் வந்துவிடுவார்கள். விளையாட்டு கலைந்துவிடும். எல்லாரும் ஓடிவிடுவார்கள். இவளுக்கு மட்டும் ஓடிப்போக யாரும் வரமாட்டார்கள். அதனால் போகிற பிள்ளையைப் பிடித்து இழுப்பாள், வராவிட்டால் அடிப்பாள்.

என் தோளில் இருந்த அக்காவின் கை எப்போதோ போய்விட்டிருந்தது. சொல்லி முடித்த பிறகுதான், யார் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது இதைச் சொல்கிறேன் என்பது உறைத்தது.

"சங்குதான் காரணம்னு உறுதியாச் சொல்வீங்களா?" என்றார் சார்.

"இல்ல சார். சந்தேகம்தான். ஒரு நாள் சங்குக்கு முன்னாலயும் அடிச்சா. அன்னிக்கு அவளுக்குப் பசியா இருந்திருக்கலாம். எனக்குத் தெரியல."

துறைத் தலைவர் சாரைப் பார்த்தார். "செய்முறை அனுபவம் தெரியலன்னீங்களே?" என்றார். சார் தாள்களை மறுபடி திறந்தார். என் வாழ்க்கையில் என் சந்தேகத்துக்கு ஒருவர் மார்க் போட்டது அதுதான் முதல் தடவை. இரண்டாம் ஆண்டு கொடுத்தார்கள். முதலாண்டுப் புள்ளியியல் தாளை மட்டும் வருஷக் கடைசிக்குள் தனியாக எழுதித் தேற வேண்டும் என்றார்கள். புள்ளியியல் என்றதும் பயந்துவிட்டேன், ஆனால் அது வேறு அறையில் போய்ப் படவேண்டிய பயம்.

வெளியே வரும்போது துறைத் தலைவர் அக்காவிடம், "இது ஆஸ்பத்திரி இல்லம்மா, காலேஜ். இவங்க இங்க படிக்கப் போறாங்க" என்றார். அக்கா அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், செருப்பை மாட்டினாள்.

திரும்பி வரும் ரயிலில் வில்லிவாக்கம் தாண்டுகிறவரை அக்கா பையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தாள். பிறகு வெடித்தாள்.

"மூணு மாசமா உனுக்குக் கஞ்சி காச்சி ஊத்திகினு கீறேனேமே! ஒரு வார்த்த சொல்ல மாட்டியா? பூண்டு உரிச்சே என் நகம் போச்சி!"

"அத்தைதான்க்கா... கண் படும்னு..."

"உன் அத்தைய நான் தனியா வச்சிக்கறேன்." ஜன்னல் பக்கம் திரும்பினாள். குரல் மாறிவிட்டது. "அந்த அடிக்கிற பொண்ணு, எம்பொண்ணா?"

பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் ஒரு நாளைக்கு எத்தனை பொய்தான். "ஆமாக்கா."

"சங்கு ஊதினா அடிக்கிறாளா?"

"எனக்கு உறுதியாத் தெரியாதுக்கா."

அண்ணனூரில் இறங்கும்போது அக்கா என் கையிலிருந்து எலுமிச்சம்பழத்தை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள்.

சீட் கிடைத்துவிட்டது, கட்டணமும் கட்டியாகிவிட்டது, ஆகவே இனிச் சொல்லலாம் என்று அத்தை உத்தரவு போட்டார். அவரே கேசரி கிளறி பிளாக் முழுக்கக் கொடுத்தார். "மருமக யூனிவர்சிட்டில படிக்கப் போறா." எல்லாரும் கேசரியை வாங்கிக்கொண்டார்கள். யாரும் நம்பவில்லை. மேல்மாடிப் பெண் கண் கலங்கி, "நீங்க எவ்ளோ நல்லவங்கம்மா, மருமகளை விட்டுக்குடுக்காம பேசறீங்க" என்றாள். எதிர் பிளாக்கில், "காலேஜுன்னு சொல்லிக் கூட்டிட்டுப் போனாத்தான் அந்தப் பொண்ணு போகுமாம்" என்று பேச்சு. அத்தை அரண்டுபோனார். அவர் பொய்கள் எப்போதும் வேலை செய்திருக்கின்றன, உண்மை வேலை செய்யாதது இதுதான் முதல் தடவை. அக்காவுக்கு மட்டும்தான் விஷயம் தெரியும். அவள் வாயைத் திறந்தால் குவார்ட்டர்ஸ் நம்பும். "கீழ் வீட்டம்மா, நீயாவது சொல்லேன்" என்று அத்தை கெஞ்சினார். "இன்னாவோ போய்கினு கீது" என்று அக்கா முடித்துக்கொண்டாள். பூண்டுக்குப் பழி வாங்குகிறாள் என்று நான் நினைத்தேன்.

வகுப்புகள் ஆரம்பித்து, புள்ளியியல் என்னைப் பார்த்து நானும் அதைப் பார்த்துப் பயந்துகொண்டிருந்த ஒரு மாலை, அக்கா படியேறி வந்தாள். கையில் கஞ்சி இல்லை. மாடிப்படி வளைவில் நின்று, கீழேயும் மேலேயும் பார்த்துவிட்டு, "அந்தக் கண்ணாடி போட்ட அம்மா," என்றாள், "நெசமாவே ஆளுங்களப் பாக்குமா?"

வாரத்தில் ஒரு நாள் துறையில் வெளியாட்களுக்கும் ஆலோசனை உண்டு என்றேன்.

"எனுக்குத் தூக்கம் வர்றதில்லமே. அவுரு போனதுலருந்தே. படுத்தா நெஞ்சு அடிச்சிக்குது. பொண்ணு மேல எரிஞ்சி விழறேன்." சிரிக்க முயன்றாள். "பூண்டுக் கஞ்சி குடிச்சிப் பாத்தேன். எறங்கல."

நான் இரண்டாம் ஆண்டு மாணவி. முதல் செமஸ்டர் முடியவில்லை. இந்த மாதிரி நேரத்தில் என்ன சொல்ல வேண்டும் என்று புத்தகத்தில் நாலு பக்கம் இருக்கிறது. ஒன்றும் ஞாபகம் வரவில்லை. "நான் கேட்டு நேரம் வாங்கறேன்க்கா. வர்ற வியாழக்கிழமை போலாம்" என்று மட்டும் சொன்னேன். இன்னும் நன்றாகச் சொல்லியிருக்கலாமோ என்று வியாழக்கிழமை வரை யோசித்தேன்.

வியாழக்கிழமை காலை பிளாக் வாசலில் தண்ணீர் பிடிக்க ஐந்தாறு பேர் நின்றிருந்தார்கள். நானும் அக்காவும் இறங்கினோம். "எங்கம்மா ரெண்டு பேரும்?" என்றாள் மேல்மாடிப் பெண்.

"டாக்டருகிட்ட," என்றாள் அக்கா சத்தமாக. "இத்த எப்டித் தனியா அனுப்பறது? துணைக்குப் போறேன்."

அத்தை முதல் மாடி ஜன்னலில் நின்றிருந்தார். அவர் வாய் திறந்ததைப் பார்த்தேன். என் மருமகளுக்கு ஒன்றும் இல்லை, அவள் படிக்கிறாள் என்று குவார்ட்டர்ஸுக்கே கேட்கும்படி சொல்ல அவருக்கு அத்தனை நாளாக நெஞ்சில் அடைத்துக் கிடந்தது. அக்கா தலையைத் தூக்கி ஜன்னலைப் பார்த்தாள். ஒரு கணம்தான். அத்தைக்கு யாரும் எதையும் விளக்கவில்லை. ஆனால் இந்தத் தொழிலில் அவருக்கு இருக்கும் அனுபவம் குவார்ட்டர்ஸில் வேறு யாருக்கும் இல்லை.

"ஆமாம்மா," என்றார் மேலிருந்து பெருமூச்சு விட்டு. "இவளுக்கு இன்னும் சரியாகல. பாத்துக் கூட்டிட்டுப் போ."

ரயிலில் அன்றும் கூட்டம். அக்கா பழக்கதோஷத்தில் என்னை அணைத்துப் பிடித்துக்கொண்டு, "கொஞ்சம் தள்ளிக் குந்துமா, பொண்ணுக்கு ஒடம்பு சரியில்ல" என்றாள். ஒருவர் உட்காரும் அளவுக்கு இடம் கிடைத்தது. அதில் நான் அவளை உட்கார வைத்துவிட்டு, பக்கத்தில் கம்பியைப் பிடித்து நின்றேன். எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள். முடிந்தவரை முகத்தை நோயாளி மாதிரி வைத்துக்கொண்டேன். அதில் எனக்கு நல்ல செய்முறை அனுபவம் இருக்கிறது.